எண்ணிக்கை

மிச்சிகன் சுரங்கத்தை விட்டுக் கப்பலேறியபோது
எய்னோ கொண்டுவந்தவை
இரண்டு ரம்பம், ஒரு கட்சி அட்டை,
பச்சை வெல்வெட் பெட்டியில் ஒரு டிராம்போன்.

கரேலியக் காட்டில் மரம் சாய்த்துத் திரும்பிய இரவுகளில்
பதினாறு பேர் வாசித்தோம்.
பித்தளைக்குள் மூச்சு உறையும்.
வால்வுகளுக்குக் கொஞ்சம் சாராயம் தடவி
மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

முப்பத்தெட்டு ஜனவரி.
விளக்கணைத்து வந்தது லாரி.
மறுநாள் ஒத்திகையில் கிளாரினெட் இல்லை.
காய்ச்சலாயிருக்கும் என்றார் பேண்ட் மாஸ்டர்.
ரெய்னிக்கா நுழையும் இடத்தில்
எட்டு எண்ணும்வரை சும்மா இருந்தோம்.

பிறகு எய்னோ.
டிராம்போனையும் எடுத்துப்போனார்கள்,
பட்டியலில் "குழாய், ஒன்று" என்று எழுதிக்கொண்டு.
பிறகு கொம்பு வாசிக்கும் அண்ணன் தம்பி.
பிறகு பேண்ட் மாஸ்டர்.
பாட்டை யாரும் மாற்றவில்லை.
மாற்றலாமா என்று யாரைக் கேட்பது?

மே தினத்தன்று மேடையில் ஐந்து பேர்.
ராகம் சொல்ல ஆளில்லை.
பெரிய டிரம் என்னுடையது;
நீண்ட இடைவெளிகளில் அது மட்டும் கேட்டது
கதவைத் தட்டுவதுபோல.
முன்வரிசையில் சிலர்
வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஐம்பத்தேழில் ஸெல்மாவுக்கு ஒரு தாள் வந்தது.
குற்றம் நிரூபணமாகவில்லை.
இறப்புக் காரணம்: நுரையீரல் அழற்சி.

"நுரையீரலா?" என்றாள்.
"அவருக்கா?
மூன்று வரியை ஒரே மூச்சில்..."

காலிப் பெட்டிமேல்
உருளைக்கிழங்கு காய்ந்துகொண்டிருந்தது.
நான் எண்ணத் தொடங்கினேன்,
பழக்கதோஷம்.
எட்டைத் தாண்டியும் அவள் பேசவில்லை.