தும்மல் திருடன்

மொத்தம் எட்டு நிமிடம்.
ஐந்து வயதுக்காரர்களுக்கு அதற்குமேல் போனால்
மூச்சா வந்துவிடும்.

கதை என்னுடையது.
பகலெல்லாம் பரிசோதனைக் கூடத்தில்
அடுத்தவர் இரத்தத்தை எண்ணுகிறவள்
இரவில் அடுப்படியில் நின்றபடி எழுதினேன்:
ஓர் அரக்கன் இளவரசியின் தும்மலைத் திருடிப்
புட்டியில் அடைத்துவிடுகிறான்.
தும்மாத பிள்ளைக்கு யார் 'நூறு' சொல்வார்கள்?
ஆயுசு அப்படியே நிற்கிறது அவளுக்கு,
ஐந்தில்.

ஃபஹாஹீலில் எங்கள் கட்டடத்து நிலவறை.
சலவை இயந்திரங்களை ஓரம் தள்ளினால் மேடை.
அரண்மனைக்கு ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக்
காவலாளி ஷஹாத்தா தூக்கி வந்தார்,
"உள்ளே இன்னும் குளிர் மிச்சமிருக்கு, சீக்கிரம்" என்று.
கோபுரம் வரைந்து சன்னல் வெட்டி
நிமிர்த்திய பிறகுதான் பார்த்தோம்,
'இப்பக்கம் மேலே' அம்பு தரையைக் காட்டியது.
இருக்கட்டும். அரக்கன் ஆளுகிற ஊர்தானே.

அரக்கன் ரெஜிஸ். முன்பல் இரண்டும் இல்லை.
உறுமினால் காற்றுத்தான் வரும்.
மரம் சுமையா. வசனம் கிடையாது.
சொறிந்துகொள்ளலாம், இலையால் மட்டும்.
இளவரசி மகிழினி.
ஒத்திகையில் அவள் தும்முகிற தும்மலுக்கு
சலவை இயந்திரம் ஒரு சுற்று தவறும்.

பதினோரு நாள் இருக்கையில்
அவள் அப்பாவிடம் கம்பெனி ஒரு தாள் கொடுத்தது.
சோபா விற்றார்கள், மிக்சி விற்றார்கள்,
மீன்தொட்டியை மீனோடு யாருக்கோ கொடுத்தார்கள்.
ஜிகினா வைத்த பாவாடை மட்டும்
நூல் தொங்கத் தொங்க என் கதவுக்குப் பின்னால்.

வேறொருத்திக்கு அளவு சரியாகவில்லை
என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய்.
ஒருத்தியும் போட்டுப் பார்க்கவே சம்மதிக்கவில்லை.
"அது மகிழியோடது."
கடைசியில் நாற்காலியில் பாவாடையை விரித்து வைத்தோம்.
இளவரசி தூங்குகிறாள் என்று
பெரியவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

நாடகத்தன்று புழுதிக்காற்று.
வானம் வறுத்த ரவை நிறம்.
செருப்போடு, தலைமுடியோடு, பால்புட்டியோடு
மணலும் படியிறங்கி வந்து உட்கார்ந்தது.

ரெஜிஸ் உறுமினான். காற்று வந்தது.
"எங்கே இளவரசி?"
நான் எழுதிய வரிதான்.
நாற்காலியைப் பார்த்தான்.
பார்த்துக்கொண்டே நின்றான்.
போர்வைத் திரைக்குப் பின்னாலிருந்து
அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தேன்; காதில் விழவில்லை.

பேசக்கூடாத மரம் பேசியது:
"அவ எக்ஸிட்ல போயிட்டா."

முன்வரிசை சிரித்தது.
பின்வரிசையில் சிரிப்பு பாதி வழி வந்து
திரும்பிப் போனது.
யாரோ ஒருவர் சட்டைப்பையில்
அட்டை இருக்கிறதா என்று தொட்டுக்கொண்டார்.

"எப்ப வருவா?"
"விசா வந்தா."

அரக்கன் யோசித்தான்.
கையிலிருந்த இருமல் மருந்துப் புட்டியை
பாவாடைமேல் சாய்த்து வைத்தான்.
"அப்ப இது இங்கயே இருக்கட்டும். நான் எடுக்கல."

திருட்டு அங்கேயே ஒழிந்தது, என் கதையும்.
இன்னும் நாலரை நிமிடம் பாக்கி.

அப்போதுதான் சுமையாவின் மூக்கில் புழுதி ஏறியது.
இரண்டு கையும் கிளை; பொத்த வழியில்லை.
முகம் சுருங்கி, இலைகள் நடுங்கி
அச்—

ஓட்டுநர், செவிலி, கணக்கர்,
பார்க்கிங் சண்டையில் பேச்சை விட்ட இரண்டு குடும்பம்,
நிலவறை மொத்தமும் "நூறு!" என்றது.
மறுபடி ஒன்று. "இருநூறு!"
மூன்றாவதற்கு ரெஜிஸ் மட்டும்
நாற்காலியின் பக்கம் திரும்பி
"முந்நூறு" என்றான், ரகசியம்போல.

மணலைப் பெருக்கத் துடைப்பத்தோடு வந்த ஷஹாத்தாவுக்குத்
தமிழில் எண்கள் மட்டும் தெரியும்;
வாடகை வசூலிப்பவர்.
வாசலில் நின்று என்னைக் கேட்டார்:
இன்றைக்கு யார் வீட்டுச் சாமான் ஏலம் போகிறது?