ஏழாவது முடிச்சு

தலைமைப் பயிற்சி என்று அழைப்பிதழில் இருந்தது.
வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டுக்கொண்டு போனேன்.
முதுநகர் அரிசிக்கடைக்காரர் சங்கத்துக்குப்
பதினொரு வருடமாய்த் தலைவர்.
மைக்கை வாயிலிருந்து எத்தனை விரற்கடை தள்ளிப் பிடிப்பது,
போர்த்திய சால்வையை எந்த நொடியில்
அடுத்தவன் கையில் கொடுப்பது,
எல்லாம் தெரியும்.

கூடத்தில் மைக் இல்லை.
மஞ்சள் நைலான் கயிறு ஒன்று கிடந்தது, ஒன்பது முடிச்சோடு.
பேரிடர்க் குழுவிலிருந்து வந்த நிலோஃபருக்கு
என் சின்ன மருமகள் வயதிருக்கும்.
"முதல் முடிச்சுக்கு அரைமணி நேரம் போதும்," என்றாள்,
"மற்ற எட்டுக்குத்தான் மூன்று நாள்."
ஒருவரும் சிரிக்கவில்லை.
வந்திருந்தவர்கள் எல்லாரும் தலைவர்கள்.

சீட்டுக் குலுக்கினார்கள்.
முதல் முடிச்சு அஞ்சாப்புலிக்கு.
என் கடையில் மூட்டை இறக்குகிறவன்.
நாற்காலி போட வந்தவனை
ஆள் குறைகிறதென்று சேர்த்துக்கொண்டாள்.
எனக்கு ஏழு.
ஏழில் நின்றால் தெரிவது ஆறாவது ஆளின் பிடரி.
பிடரியைப் பார்த்து என்ன பேசுவது?

"பின்னால் வருவது சும்மா வருவதில்லை.
முன்னே போகிறவருக்கு முதுகில் கண் கிடையாது.
ஆமாம் போட்டுக்கொண்டே வருகிறவர் கயிற்றுக்குப் பாரம்.
தப்பென்று தெரிந்தால் கத்துங்கள்.
கேட்காமல் போனால் இழுத்துப் பிடியுங்கள்.
கோபித்துக்கொண்டு கயிற்றை மட்டும் விடாதீர்கள்."
குறித்துக்கொள்ளப் பேனாவைத் தேடினேன்.
கையில் முடிச்சு இருந்தது.

மூன்றாம் நாள் கடைத்தெருவில் இறங்கினோம்.
கடல் ஏற்றத்தில் இருந்ததால்
உப்பனாறு வந்த வழியே திரும்பி
தெருவுக்குள் நின்றது, பால் குறைந்த டீயின் நிறத்தில்,
முழங்காலுக்கு மேல்.
அஞ்சாப்புலி கம்பை ஊன்றி ஊன்றிப் போனான்.
மூட்டை தூக்கும்போது நடக்கிற அதே நடை,
அவசரமில்லாமல்.

பிறகு இடப்பக்கம் ஒதுங்கினான்.
இடப்பக்கம் என் கடை.
கடைக்கு முன்னால் சாக்கடை,
அதன்மேல் நகராட்சி போட்ட கற்பலகைகள்.
அதில் ஒன்றைத்தான் தை மாதம் பெயர்த்துக்
கிடங்குக்குள் போட்டேன், மூட்டை ஓதம் குடிக்காமலிருக்க.
ஆற்றுத் திருவிழாவுக்கு அவன் லீவு போட்ட நாள் அது.
ஓட்டைமேல் பிளைவுட் வைத்து மண் தூவினேன்.
பத்து மாதமாய் அதைத் தாண்டித்தான் உள்ளே வருகிறான்.
இந்தத் தண்ணீரில் பிளைவுட் எங்கே இருக்கும்?

கம்பு ஒரு பக்கத்துக் கல்லில் பட்டது. டக்.
காலை எடுத்தான்.
எனக்கும் அவனுக்கும் நடுவில் ஐந்து பேர்,
பின்னால் இருவர், நிழற்கூரையில் கேமராவோடு ஒருவன்.
இரண்டாயிரம் பேருக்குக் கேட்கிற குரல் எனக்கு.
"நில்" என்பதற்கு எவ்வளவு மூச்சு வேண்டும்?
ஏன் என்று கேட்பார்களே.

கத்தினேன்.
அதற்குள் இடுப்புவரை போய்விட்டான்.
கயிறு விறைத்தது. எட்டுப் பேரும் பின்னால் சாய்ந்தோம்.
உள்ளங்கையில் இன்னமும் மஞ்சளாய் ஒரு கோடு.
மேலே வந்தவன் முதலில் கம்பைத் தேடினான்.
அப்புறம் திரும்பி ஒன்று, இரண்டு என்று
எங்களை எண்ணினான்.

மாலையில் ஒரு தாள் கொடுத்தாள் நிலோஃபர்.
இரண்டே கட்டம்:
எப்போது தெரிந்தது. எப்போது சொன்னீர்கள்.
மற்றவர்கள் சீக்கிரம் எழுதிவிட்டுச் சமோசாவுக்குப் போனார்கள்.
முதல் கட்டத்தில் தை என்று எழுதி அடித்தேன்.
அடித்ததன் பக்கத்தில் மறுபடி தை.
சான்றிதழில் என் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.
திருத்தச் சொல்லவில்லை.

தண்ணீர் வடிந்த காலை
கிடங்கைத் திறந்து கல்லைக் காட்டினேன்.
அஞ்சாப்புலி கல்லைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான்,
என்னை மட்டும் பார்க்கவில்லை.
தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினான்.
"நீங்க பின்னாடி புடிங்க மொதலாளி.
நான் சொன்னதும் விடுங்க. முன்னாடியே விட்டா
என் காலு போயிடும்."

வாசலுக்கு வந்துவிட்டோம்.
குனிந்து விளிம்பைப் பொருத்திக்கொண்டிருக்கிறான்.
விரல்கள் மரத்துவிட்டன.
இன்னும் சொல்லவில்லை.