அடிப்பக்கம்

மினோட்டில் மூடிப்போன துணிக்கடையின் ஏலத்தில்
யாரும் கேட்காத பன்னிரண்டடி இயந்திரம்.
நான் மூக்கைத்தான் சொறிந்தேன்.
சுத்தியல் விழுந்துவிட்டது.

இப்போது டிரக் வெளியே பனியில் நிற்கிறது.
அதன் இடத்தில் இரண்டு தண்டவாளம், சின்னச் சக்கரங்கள்,
நீண்ட கழுத்தும் ஒற்றைப் பல்லுமாய் ஒரு மிருகம்.
துணி அசையாமல் கிடக்கும்,
கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு
நான்தான் நகர வேண்டும்.
இருபத்தாறு குளிர்காலம்
மாவட்டச் சாலைகளில் பனி தள்ளியவன்.
நேர்க்கோடாவது வரும் என்றிருந்தேன்.

முதல் வாரம்
ஊசியை முன்பின் மாற்றிச் செருகிவிட்டு
நூல் அறுவது இதன் பிறவிக்குணம் என்று தீர்ப்பெழுதினேன்.
அடுத்த வாரம்
பாபின் தீர்ந்தது தெரியாமல்
மூன்றடி நீளத்துக்கு இறகு வரைந்தேன்.
வெறும் துளைகள்,
முயல் ஓடிய வயல்போல.
பிறகு தண்டவாளத்தில் ஒரு நூல்துண்டு.
ஒவ்வொரு வரியிலும் ஒரே இடத்தில்
விக்கிக்கொண்டே வந்தது பூ.
சட்டையின் கைமடிப்பைச் சேர்த்துத் தைத்துக்கொண்டதை
மார்லிஸிடம் சொல்லவில்லை.
துவைக்கப் போட்டபோது
அவளே கண்டுபிடித்தாள்.

தேவாலயக் கீழ்த்தளத்தில்
ஒன்பது பெண்கள் பழைய திரைச்சீலைகளை வெட்டிச் சேர்க்கிறார்கள்.
அக்டோபருக்குள் நூற்றிருபது போர்வை,
எங்கோ குளிரும் யாருக்கோ.
ஓர்டெல் ஒன்றை என்னிடம் கொடுத்துப் பார்த்தாள்.
பழுப்பும் ஆரஞ்சும், பார்க்கக் கண் கூசும்.

வேகமாக ஓட்டினேன்.
வளைவுக்கு வளைவு, அலைமேல் அலை,
மேலே பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.
விசில்கூட அடித்தேன்.
கழற்றித் திருப்பினால்
ஒவ்வொரு வளைவின் முதுகிலும்
வரிசை வரிசையாய் இமைமயிர்.
நூல் தொங்கும் நூறு கண்கள்
என்னையே பார்த்தன.

டென்ஷன் என்றது கையேடு.
எனக்கும்தான் என்றேன்.

தைத்தது ஐம்பது நிமிடம்.
பிரித்தது பதினொரு இரவு.
அதிகாலை மூன்றுக்குப் பனி தள்ளித் திரும்பி,
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்,
மூன்று தையலுக்கு ஒன்று வெட்டி,
மறுபக்கம் திருப்பி, இழுத்து.
ஒரு திருகைக் கால் சுற்று முறுக்கியிருந்தால்
அத்தனை இரவும் தூங்கியிருப்பேன்.

ஓர்டெல் வந்தாள்.
மேற்பக்கத்தை அவள் பார்க்கவே இல்லை,
எடுத்த எடுப்பில் திருப்பினாள்.
துளைகளில் தண்ணீர் தெளித்து நகத்தால் சுரண்டினாள்.
சில மூடிக்கொண்டன.
"மிச்சம் துவைக்கும்போது," என்றாள்.
போகிறபோது
இன்னும் மூன்றை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரியில் ஒரு தபால்பெட்டி
என் வண்டியின் வலப்பக்கக் கண்ணாடியை முறித்தது.
(தபால்பெட்டிக்காரர் வேறு மாதிரி சொல்வார்.)
அதை வீட்டுக்குக் கொண்டுவந்து
சட்டத்துக்கு அடியில், தரையில் சாய்த்து,
பக்கத்தில் ஒரு கைவிளக்கு வைத்தேன்.
பொருள்கள் தெரிவதைவிட அருகில் உள்ளன
என்று எழுதியிருக்கிறது அதில்.
இப்போது இரண்டடி தைக்கிறேன், குனிகிறேன்.
இரண்டடி, குனிகிறேன்.
மார்லிஸ் இதைப் பிரார்த்தனை என்கிறாள்.

ஆனாலும் நேற்று
கடைசி வரிக்கு வந்தபோது
அடித்துணி இரண்டு அங்குலம் குறைந்தது.
கண்ணாடி இதையெல்லாம் காட்டாது.
அளந்திருக்க வேண்டும்.
நின்றுகொண்டே இருந்தேன்,
நிலையத்திலிருந்து தொலைபேசி அடிக்கும்வரை.

வெல்வாவுக்கு வடக்கே எதுவும் தெரியவில்லை.
புதுக் கண்ணாடியில் பின்னால் பார்க்கிறேன்.
நான் இழுத்துவந்த கோட்டைக்
காற்று ஏற்கெனவே பிரித்துக்கொண்டிருக்கிறது.
அது இருக்கட்டும்.
ஊசியை மேலே தூக்கி வைத்தேனா?