தீவனப் பதிவேட்டின் பின்பக்கம்

முதல் சொல் பூ.
நண்டு என்று அர்த்தம்.
வடிகால் வலையில் சிக்கிய ஒன்றைக்
காலைப் பிடித்துத் தூக்கிக் காட்டி
பூ என்றார் உதோம்.
அன்று என் தலையில் கனகாம்பரம்.
அதைத் தொட்டு, பூ என்றேன்.
நண்டையும் என் கொண்டையையும்
மாறி மாறிப் பார்த்தார்.

சித்திரைப்பேட்டை இறால் குஞ்சுப் பண்ணையில்
ராத்திரி ஷிப்டு எனக்கு.
வெள்ளைக் கிண்ணத்தில் அள்ளி
கண் மட்டும் தெரிகிற உயிர்களை
நூறு நூறாக எண்ண வேண்டும்.
இரண்டு மணிக்கு மேல் எண்ண ஒன்றுமில்லை.
தீவனப் பதிவேட்டைத் திருப்பிப்போட்டு
எழுத ஆரம்பித்தேன்.

தா, கண்.
டீ, நல்லது.
குங், இறால்.
பீ, வருஷம்.
(ஊரைவிட்டு வந்து ஆறு பீ ஆயிற்றாம் அவருக்கு.
தனபாக்கியத்திடம் இதைச் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் குஞ்செல்லாம் மிரண்டிருக்கும்.)
நாய், முதலாளி.
இதை மட்டும் இரண்டு தடவை கேட்டு
உறுதிசெய்துகொண்டேன்.
மறுநாள் வெள்ளைக் கார் வந்து நின்றதும்
நாய் வந்தாச்சு என்று உதோம்
தன் பாஷையில் பயபக்தியோடு சொன்னார்.
நான் குனிந்துகொண்டேன்.
நூற்றுப்பதினேழில் கணக்கு தப்பியது.

சில சொற்கள் எங்கோ பார்த்த முகம்.
வேளையை வேளா என்கிறார்.
ஆகாரம் அங்கே ஆஹான்.
சுகத்தை வால் கிள்ளி சுக்.
துக்கத்தையும் கிள்ளித்தான் துக்.
கிள்ளினாலும் எடை குறையவில்லை.
உதோம் என்பதே உத்தமம்தானாம்.

ஆனால் எழுத்தில் நிற்காத பாஷை.
கிளாய் என்றால் தூரம்.
கிளாய் என்றால் பக்கம்.
எப்படி என்றால் கையைக் காட்டுவார்.
உப்பனாற்றுப் பாலத்தைவிட்டு
பஸ் இறங்குகிற மாதிரி குரல் இறங்கினால் பக்கம்.
ஏறாமல் இறங்காமல்
மட்டமாகவே போனால் தூரம்.
அதற்கு ஒரு கோடு போட்டுவைத்தேன்.
கணக்கர் அதை அடித்தல் என்று நினைத்து
பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்.
போட்டேன்.

நீ என்றால் இது.
நீ என்றால் தப்பி ஓடு.
நீ என்றால் கடன்.
செவ்வாய்க்கிழமை முதுநகர் வீட்டுக்கு
குழுக்கடன் வசூலுக்கு வந்த தணிகாசலம்
வண்டியை அணைக்காமலே கேட்டான்:
"நீ எப்பக்கா கட்டப்போற?"
எடுத்த எடுப்பிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டான்.
சிரித்துவிட்டேன்.
சிரிப்புக்கும் வட்டி போடுகிறவன்போல முறைத்தான்.
அந்தச் சொல்லிலேயே ஓடுவதும் இருக்கிறது தம்பி,
சொல்லவில்லை.

ஒன்பது மணிக்கு உதோமுக்கு போன் வரும்.
அங்கே பத்தரை.
ஸ்பீக்கரில் ஒரு சின்னக் குரல்
தூங்காமல் கேட்கும்:
ஈக் நான் மை?
நான், நான் என்று
தன்னைத்தான் சொல்கிறது குழந்தை
என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.
ஒருநாள் கேட்டேன்.
உதோம் பேனாவைத் தேடவில்லை.
சுவர்க் கடிகாரத்தின் சின்ன முள்ளைக் காட்டி
விரலைச் சுற்றினார்.
சுற்றினார்.
பம்பு நின்று ஜெனரேட்டர் பிடிக்கிறவரை
சுற்றிக்கொண்டே இருந்தார்.

நான், நெடுநேரம்.
இன்னும் ரொம்ப நாளாகுமா என்று கேட்கிறாள்.

மறுநாள் அவர் சொன்ன பதில்
எனக்கே புரிந்தது:
மை நான். ரொம்ப நாள் இல்லை.
மை சறுக்கி இறங்கியது.
நான் மட்டமாகவே நின்றது,
கிளாய் மாதிரி, தூரம் மாதிரி.
கிண்ணத்தில் வெளிச்சம் அடித்து
எண்ணுவதுபோல் இருந்தேன்.

காலை ஆறரைக்கு
வீட்டுக் கதவைத் தட்டினேன்.
யாரு என்றான் மகன், தூக்கத்திலிருந்து.
எப்போதும் சொல்கிற சொல்
நாக்கு வரை வந்துவிட்டது.
அதை அப்படியே வைத்துக்கொண்டு
கொஞ்சம் நின்றேன்.

அம்மாடா, என்றேன்.