சான்றுப் பொருள் நான்கு

முதலில் எழும்பினது தையல் மெசின் எண்ணெய் மணம்.
பிறகுதான் இரும்பு.
சுண்டுக்குளியில் ஓடு மாற்றப்போன மேசன் நேசதுரை
தீராந்திக்கும் சுவருக்கும் இடையில் கைவிட்டு எடுத்த
மெழுகுசீலைப் பொட்டளம்.
பொலிஸ் அறிக்கையில் அது
‘தயார்நிலையிலிருந்த கைத்துப்பாக்கி ஒன்று’.
பதினொரு நாளாய் நேசதுரை மறியலில்.

என் அறிக்கையில் அது இப்படித் தொடங்குகிறது:
குழல் ஆறு அங்குலம். உருளையில் ஒன்பது துவாரம்.
(ஒன்பதா என்று திரும்பவும் எண்ணினேன்.)
சுத்தியலின் மூக்கு உளிபோல் தட்டை,
தோட்டாவின் நடுவை விட்டு ஓரத்தைக் கொத்துவதற்கு.
பின்குறி ஒரு திருகாணியில் இடமும் வலமும் நகரும்,
கால் நெல்லளவு.
ஆளைச் சுடுகிறவர் கால் நெல் பார்ப்பதில்லை.
இது கடதாசி சுடச் செய்தது.

எட்டு வயதில் எங்களுக்கு வேர்னியர் தேவைப்படவில்லை.
பங்கருக்குள் குந்தியிருந்தபடி
காதாலேயே ரகம் சொல்லுவோம்,
எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், வருகிறதா போகிறதா.
தங்கச்சி என்னைவிடக் கெட்டி.
இந்த இருபத்திரண்டின் சத்தம் மட்டும்
அவளுக்கும் தெரிந்திருக்காது.
காய்ந்த முருங்கைக் கொப்பு முறிகிற அளவு,
அவ்வளவுதானாம்.

வயது பார்க்கவேண்டும்.
குழலின் மேல் காப்புரிமைத் திகதி இருக்கிறது.
அதை நம்பினால் கெட்டோம்:
அது பெண்பார்த்த நாள், பிள்ளை பிறந்த நாள் இல்லை.
கைபிடிக்குக் கீழே தொடர் இலக்கம்,
கடைசி எண்ணைத் துரு தின்றுவிட்டது.
மூன்றா எட்டா?
விளக்கைச் சரித்துப் பார்த்தால் மூன்று,
நிமிர்த்தினால் எட்டு.

உருளையைப் புரட்டினேன்.
முப்பதுகளில் வேகத் தோட்டா வந்து,
ஓரத்துப் பித்தளை வெடித்து விரல்களைக் கிழித்த பிறகு
துவாரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டத் தொடங்கினார்கள்,
விளிம்பு உள்ளே அமிழ்ந்து உட்கார.
இதில் பள்ளம் இல்லை.
நகத்தால் சுரண்டினேன், விரலால் தடவினேன்.
மட்டமான முகம்.
ஆகவே அதற்கு முந்தியது, அல்லது
பழைய உருளையை வீசமனமில்லாத ஒரு கொம்பனி.
‘அல்லது’ என்ற சொல்லுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

கைபிடியின் ஒற்றை ஆணியைக் கழற்ற அரை மணித்தியாலம்.
மரத்தின் உட்புறத்தில் பென்சில்:
வில் மாற்றியது. சூ. வஸ்தியாம்பிள்ளை, பெரியகடை. 9.2.37.
எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

எண்ணெய் அரக்காகி உருளையைப் பூட்டியிருந்தது.
மேசன் தொட முந்தி
அவர் பிறக்க முந்தி
அது சுற்றுவதை நிறுத்திவிட்டது.
‘தயார்நிலை’ என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு இழுத்தேன்.

பொட்டளத்தின் மடிப்பில் ஒரு வெற்றுக்கோதும் இருந்தது.
ஓரத்தில் ஒரு கொத்து.
நடுவில் அடிபட்ட கோதென்றால்
நெம்பியெடுத்து மறுபடி மருந்து வைக்கலாம்.
ஓரத்தில் அடிபட்டது அவ்வளவுதான்.
அதை ஏன் ஒருவர் சீலையில் சுற்றி வைத்தார்?

“துப்பாக்கிக்கு என்ன வயது?”
“எண்பத்தைந்துக்கு மேல், கனம் நீதிவான் அவர்களே.”
“சந்தேகநபருக்கு?”
“முப்பத்திரண்டு” என்றார் சட்டத்தரணி.
பின்வாங்கில் ஒருவர் சிரித்தார்.
இன்ஸ்பெக்டர் கோவையை மூடினார்.

வெளியே, மலைவேம்பின் கீழ்,
பிணையில் வந்த நேசதுரை செருப்பில்லாமல் நின்றார்.
“அக்கா, அது ஆரையும் சுட்டதோ?”
அறிக்கையில் அதற்கொரு நிரல் இல்லை என்றேன்.
தலையாட்டினார்.
மேற்குப் பக்கத்து ஓடு இன்னும் போடவில்லையாம்.
மழைக்கு முந்தி முடிக்கவேணும் என்று
சைக்கிளைத் தேடிப் போனார்.