கார்க்குத் துளை

முதல் கார்க் ரெஜியின் டிரில்லோடு சுற்றிக்கொண்டு
சமையலறை முழுக்கக் கறுப்புத் தூள் இறைத்தது.
ரப்பர் எரிந்த வாடை
மிக்சிக்கு அடியில்கூட இருந்தது இரண்டு நாள்.
துளை என்று சொல்ல முடியாது அதை.
எலி கடித்துப் பார்த்து
வேண்டாம் என்று விட்டுப்போன மாதிரி ஓர் ஓட்டை.

இரண்டாவதை ஃப்ரீசரில் வைத்தான்,
வஞ்சிரத்துக்கும் ஐஸ் டிரேக்கும் நடுவில்.
கல்லாகட்டும், அப்புறம் குடையலாம் என்று யாரோ சொன்னார்களாம்.
அன்றைக்குப் பார்த்துப் பெரம்பூரில் புயல் மழை,
பதினாலு மணிநேரம் கரண்ட் இல்லை.
மீனை வறுத்துத் தின்றோம்.
கார்க் பழையபடி அமுங்கிக்கொடுத்தது.

நான் சிரிக்கவில்லை.
போன வருஷம் மூடி இறுக்கிய ஜாடி
டிசம்பர் பதினொன்று விடியற்காலை வெடித்து
நாலு கிலோ கம்பம் திராட்சை
சுவரில் ஊதாவாக ஏறியது.
பக்கத்து வீட்டு ஜானகிராமுலு சார் ஓடி வந்து
"சிலிண்டரா?" என்றார்.
"குக்கர்" என்றேன்.
சுவரைப் பார்த்தார்.
"பீட்ரூட்டா?"
"பீட்ரூட்."

பிராட்வேயில் லேப் சாமான் கடையில்
ஒன்பதாம் நம்பர் கார்க் ஆறு கேட்டபோது
பில் போடுகிற பையன்
"எந்த காலேஜ் மேடம்?" என்றான்.
அங்கே மட்டும் எனக்குப் பொய் தேவைப்படவில்லை.
புரசைவாக்கத்தில் பதினாறு வருஷமாகப் பள்ளிக்கூட லேப் அசிஸ்டென்ட்.
ப்ளஸ் டூ பையன்கள் உப்பைக் கண்டுபிடிப்பதற்குள்
உடைக்கிற சோதனைக் குழாய்களுக்குக் கணக்கெழுதுகிறவள்.
பீரோவில் இரண்டாம் தட்டில்
பித்தளைக் கார்க் போரர்,
ஒன்றுக்குள் ஒன்றாக ஆறு குழல்கள்.
வெள்ளிக்கிழமை கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.
பதிவேட்டில் எழுதவில்லை.

"அழுத்து" என்றான் ரெஜி.
அழுத்தக் கூடாது.
அழுத்தினால் ரப்பர் சரி சரி என்று உள்வாங்கும்,
கையெடுத்ததும் தன் இடத்துக்கே திரும்பிவிடும்,
துளை நடுவில் இடுப்பு சிறுத்துக் கோணிப்போகும்.
கண்ணாடிக் குழாயைவிட ஒரு மயிரிழை சின்னக் குழலாக எடுத்து
நகத்தில் வைத்தால் வழுக்காத அளவுக்குத் தீட்டினேன்.
முனையில் கிளிசரின்.
கார்க்கின் ஒடுங்கிய பக்கம் மேலே,
அடியில் பழைய சப்பாத்திப் பலகை.
பிறகு திருகல்.
ஒன்றுமே நடக்காதது போலத் திருகிக்கொண்டிருக்க வேண்டும்,
இடக்கை கார்க்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றித்தர.
கேரேஜ் சங்கு ஊதி ஓய்ந்தது.

"இன்னுமா?" என்றான்.
கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில்
அவன் அதிகம் சொன்ன வார்த்தை.

திடீரென்று பிடி விட்டது.
சத்தமில்லை.
முனை பலகையைத் தொட்டது விரலுக்கு மட்டும் தெரிந்தது.

குழலுக்குள் கம்பியை விட்டுத் தள்ளினேன்.
கறுப்பாய் ஓர் உருளை விழுந்தது,
ஓரத்தில் ஒரு பிசிறில்லை.
ரெஜி அதை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தான்.
துளையை அவன் பார்க்கவேயில்லை,
துளையிலிருந்து வந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு சில்லறை மாதிரி சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

கண்ணாடிக் குழாயை நான்தான் செருகினேன்,
துணி சுற்றி, நுனிக்குப் பக்கத்தில் பிடித்து.
இந்த வேலையில் உள்ளங்கை கிழிந்த கெமிஸ்ட்ரி வாத்தியாரை
கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனவள் நான்.

ஜாடி கட்டிலுக்கு அடியில்.
ட்யூபின் மறுமுனை ஹார்லிக்ஸ் பாட்டில் தண்ணீரில்.
இரவு பதினொன்றரைக்கு
ப்ளக்.
இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்தோம்.
அது தற்செயலாகவும் இருக்கலாம்.
ப்ளக்.

நாலாம் நாள் ஜானகிராமுலு சார் வந்தார்,
துறைமுகத்தில் இரவு ஷிப்டாகவே பார்த்து
ரிடையராகியும் தூக்கம் வராதவர்.
"உங்க பாத்ரூம் குழாய் சொட்டுதா? சுவர் வழியா கேக்குது."
"மீன் தொட்டி சார்" என்றான் ரெஜி, எனக்கு முந்தி.
"ஓ."
செருப்பை மாட்டினார். மறுபடி கழற்றினார்.
"ஆறு நொடிக்கு ஒண்ணு.
எண்ணிக்கிட்டே படுத்தா ரெண்டு நாளா தூக்கம் வருது.
நிறுத்திடாதீங்க.
ஆமா, என்ன மீன்?"

ரெஜியின் விரல்கள் சட்டைப்பைக்குள்
அந்த உருளையை உருட்டிக்கொண்டிருந்தன.
எனக்கு வாயில் வந்தது
பீட்ரூட்தான்.