மூன்று மீற்றர்

களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரி, எட்டாம் அறை.
தரையில் மஞ்சள் நாடா ஒட்டியிருக்கிறேன்.
"எழும்பி, அதுமட்டும் நடந்து,
திரும்பி வந்து இருங்க."

மீராலெவ்வை,
கல்முனை–மட்டக்களப்பு பஸ்ஸில்
இருபத்தாறு வருசம் கொண்டக்டர்.
கல்லாற்றுப் பாலக் குலுக்கலிலும்
கம்பியைத் தொடாமல் மிச்சக்காசு எண்ணியவர்.
"தரை அசையாம நிக்கக்குள்ளதான் மிஸ்,
எனக்குக் கிறுதி."

போன வருசம் எத்தனை தரம் விழுந்தீங்க?
"விழல்ல."
பின்னால் நின்ற மனைவி
முந்தானைக்குள்ளிருந்து
மூன்று விரல் காட்டினாள்.
மூன்று என்று எழுதினேன்.

போகும்போது நேரே போனார்.
திரும்பும் இடத்தில்தான்
கால்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டன.
வலக்கை தலைக்குமேலே போய்
இல்லாத கம்பியைப் பிடித்தது.

பதினெட்டு செக்கன்.

ஸ்பொஞ்சில் ஏற்றிக்
கண்ணை மூடச் சொன்னேன்.
தொடாமல் அவர் இடுப்பைச் சுற்றி
என் கைகள்.
நான்கு எண்ணுமுன்
முழுப் பாரமும் என்மேல்.
"பிரேக் போட்டுட்டான்" என்றார்,
கண் திறக்காமலே.

விழும் ஆபத்து: அதிகம்.
பெட்டிக்குள் புள்ளடி போட்டேன்.

வாசலில் ஒரே ஒரு படி.
மனைவி முந்தி இறங்கி,
கையை நீட்டாமல்,
உரக்கச் சொன்னாள்:
"இறக்கம்!"

நின்றார்.
பிறகு, பழக்கம்போல்,
இடக்காலை முதலில் வைத்தார்.